மூன்று முறை கேட்டுவிட்டு எடுத்த சாமை

ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு அரூர் பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் மூன்று பேர்: நான், என் அம்மா, என்னோடு சட்டம் படிக்கும் சவரிமுத்து. வந்திருக்க வேண்டியவர் அப்பா. அவர் வரவில்லை. நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு வாளியையே பார்த்தபடி நின்றார். "போயிட்டு வரேம்ப்பா" என்றேன். "ம்" என்றார். அம்மா வெல்லம், தேங்காய், நெய், பழைய பித்தளைப் படி ஆகியவற்றைக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாங்கள் போனது வத்தல்மலைக்கு. போன காரியம் திருட்டு.

இதைப் படிப்பவர்கள் பதற வேண்டாம். எங்கள் ஊர் அம்மனுக்கு மடியம்மன் என்று பெயர். அவளுடைய அண்ணன் மலையண்ணன், வத்தல்மலை மேல் இருக்கிறார். தங்கை அண்ணனைக் கேட்காமல் கீழ்நாட்டில் கல்யாணம் செய்துகொண்டாளாம். அந்தக் கோபத்தில் அவர் சீராக ஒரு படி விதைச் சாமைகூடக் கொடுக்கவில்லை. கீழே மழையும் இல்லை, விதையும் இல்லை. ஒருநாள் அண்ணன் மத்தியானச் சாப்பாடு முடிந்து படுத்திருந்தபோது தங்கை மலையேறிப் போய், "அண்ணா, தூங்குறியா?" என்று மூன்று தடவை கேட்டாள். பதில் இல்லை. ஒரு படி சாமையை மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். அடிவாரத்தில் காவல்காரன், "மடியில என்னாம்மா?" என்று கேட்டதற்கு, "புள்ள" என்று சொன்னாளாம். அவ்வளவுதான் கதை. ஒரு திருட்டு, ஒரு பொய். இரண்டையும் சேர்த்து நாங்கள் கும்பிடுகிறோம்.

அதனால் வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் ஊரிலிருந்து ஒரு குடும்பம் மலைக்குப் போய் ஒரு படி சாமை திருடி வர வேண்டும். பாதியை அங்கேயே மலையண்ணனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, மீதியைக் கீழே கொண்டுவந்து எல்லோருடைய விதையிலும் ஒரு பிடி கலப்பார்கள். இந்த முறை ஏழு வீட்டுக்கு உரியது. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வரும். கடைசியில் பூசாரி சபை நடுவே, "திருடன் வந்தானா?" என்று சத்தமாகக் கேட்பார். குடும்பத்துப் பெரியவர், "வந்தேன்" என்று சொல்லி ஒரு ரூபாய் அபராதம் கட்ட வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அப்பாவால் சொல்ல முடியவில்லை. நான் பத்தாவது படித்தபோது, கூலிக்குப் போன ஒரு காட்டில் அப்பாவின் துண்டில் இரண்டு படி கடலைக்காய் இருந்தது. அந்தக் காட்டுக்காரர் வீட்டு அம்மா கொடுத்தது. கொடுத்தவர் அன்றைக்கு ஊரில் இல்லை. களத்தில் அத்தனை பேர் முன்னால் அப்பாவைத் திருடன் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அந்த அம்மா வந்து, தான் கொடுத்ததாகச் சொன்னார். சொன்னது வீட்டுக்குள்ளே. களத்தில் யாரும் வந்து எதையும் திருப்பிச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த சில வருஷத்தில் எங்கள் முறை வந்தது. "விளையாட்டுக்குக்கூட என்னால முடியாது" என்று அப்பா மறுத்துவிட்டார். தொடர்ந்து இரண்டு முறை தவறினால் ஏழு வீடு ஆறு வீடாகிவிடும். இது இரண்டாவது முறை.

"என் காலத்துல இந்த வூட்டுப் பேரு அழியக் கூடாது" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்டாள். சட்டம் படிக்கிறவனை, அப்பாவுக்குப் பதிலாகத் திருடச் சொல்லிக் கேட்டாள்.

காலை 6.00. தருமபுரிக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். சவரி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். அவன் வீட்டார் கத்தோலிக்கர்கள், எங்களைப்போலவே மானாவாரி விவசாயம். "திருட்டுக்கு உடந்தையா வர்றேன், பொங்கல் குடுத்துடணும்" என்ற நிபந்தனையோடு வந்தவன்.

நான் மூன்று நாளாக மனத்தில் அரைத்ததை அவனிடம் கொட்டினேன். "சம்மதம் இல்லாம எடுத்தா திருட்டு. சட்டம் அவ்ளோதான் சொல்லுது. அதை எப்படிடா சாமி கதையில வைக்கலாம்? சாமை அருள், அண்ணன் பரம்பொருள், தங்கை ஆன்மான்னு அர்த்தம் சொல்றாங்க. அப்படின்னா கேட்டு வாங்கற மாதிரியே கதை வச்சிருக்கலாமே?"

"எங்க சாமியாரு பிரசங்கத்துல, திருடன் எந்நேரம் வருவான்னு தெரியாது, அப்படித்தான் ஆண்டவர் வர்ற நேரமும் தெரியாதும்பாரு" என்றான் சவரி. "அதைக் கேட்டுட்டு யாருடா ஆண்டவர் மேல கேஸ் குடுத்தா? அதுல நேரம் மட்டும்தான் உவமை."

"உங்களுது வாயோட நின்னுடுது. எங்களுது கை வைக்கணும்."

"அப்ப கையக் கழுவிட்டு வை" என்றான்.

முன் இருக்கையில் இருந்த அம்மா திரும்பாமலே, "டேய், ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க. பஸ்ஸு பூரா நம்மளயே பாக்குது" என்றாள். உண்மைதான். நடத்துனர் எங்கள் பையை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

7.30. தருமபுரி. நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் இட்லியும் பூரியும் சாப்பிட்டோம், மூவருக்கும் நூற்று முப்பத்தைந்து. பூரி மசாலாவைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம், வேண்டாம். 8.40க்கு மலைப் பேருந்து. எனக்கும் சவரிக்கும் தலைக்கு இருபத்திரண்டு, அம்மாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டு. அந்த ரோஜாநிறச் சீட்டை அம்மா மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடிவாரம் தாண்டியதும் பேருந்து முதல் கியரில் முனக ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளை நான் எண்ணினேன், இருபத்து மூன்று. சவரி எண்ணியது இருபத்து நான்கு. இதற்கு ஒரு சண்டை. ஒவ்வொரு வளைவிலும் தருமபுரி ஒரு சுற்றுச் சின்னதாகியது. காற்று குளிர்ந்தது. சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடிகள், மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறிய மிளகுக் கொடிகள், சரிவில் உழுது விதைப்புக்குக் காத்திருந்த செம்மண். அம்மா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். கல்யாணமான புதிதில், அப்பாவின் முறை வந்தபோது ஒரு தடவை இதே மலைக்கு நடந்தே ஏறியிருக்கிறாள்.

"உங்கொப்பன் திருடுனா ஊரே வேடிக்க பாக்கும்டா" என்றாள் திடீரென்று. "பூனை மாதிரி பதுங்கிப் போவாரு, படிய எடுத்துத் தலைல வச்சிக்கினு ஆடிக்கினே வருவாரு. அண்ணனாப் படுத்திருக்கிற ஆளுக்குச் சிரிப்பு அடக்க முடியாது. நானே சிரிச்சி சிரிச்சி வவுத்து வலி வந்து உக்காந்துட்டேன்."

அப்பா ஆடுவாரா? என் இருபத்து நான்கு வயதில் நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

10.15. மேட்டுக்கொட்டாய் என்ற அந்தச் சிற்றூரில் இறங்கினோம். முப்பது வீடுகள் இருக்கலாம். பூசாரி அண்ணாமலை எங்களை வரவேற்றார். முப்பத்தைந்து வயது, மற்ற நாளில் பால் வண்டி ஓட்டுகிறவர். வண்டிக்குப் பக்கத்திலேயே வேட்டியை மாற்றிக்கொண்டு பூசாரியானார்.

மலையண்ணன் ஒரு ஆள் நீளத்துக்குக் கிடக்கும் கருங்கல். படுத்த உருவம். மேற்கூரை இல்லை, பலா மரம்தான் நிழல். முகத்தில் மூக்கு, வாய், கண்கள் கோடுகளாக வெட்டியிருந்தன. குனிந்து பார்த்தேன். இடது கண் மூடியிருந்தது. வலது கண் திறந்திருந்தது.

"இவரு தூங்கலையே!" என்றேன்.

"பாதித் தூக்கம்ங்க" என்றார் அண்ணாமலை.

"அப்ப தங்கச்சி எடுத்ததை இவரு பாத்துட்டாரு. பாத்தும் விட்டுட்டாருன்னா அது திருட்டே இல்லீங்களே? சம்மதம் ஆச்சே?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "சத்தமாச் சொல்லாதீங்க. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா ரோசத்துல சாமைய வச்சிட்டுப் போயிடும். கேட்டு வாங்க அதுக்கு ரோசம், கூப்ட்டுக் குடுக்க இவருக்கு ரோசம்."

"இதுதாங்களா அர்த்தம்?"

"எனக்கு எங்கங்க தெரியும்? எங்கப்பா ஒண்ணு சொன்னாரு. போன வருசம் ஒரு காலேஜ் சார் வந்து வேற ஒண்ணு சொன்னாரு. நான் மணி அடிக்கிறவன்."

எனக்கு மனம் லேசானது. பொய்யாகத் தூங்குகிறவரிடம் எடுப்பது திருட்டு ஆகாது. சட்டப் புத்தகத்தையும் மலையண்ணனையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்ட திருப்தி. திருட்டுக்குத் தயாரானேன்.

அண்ணாமலை விதிகளைச் சொன்னார். இந்த வருஷம் பச்சையப்பன் என்பவருடைய வீடு. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும், அதுதான் அடையாளம். வெளியே கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்திருப்பார். கட்டிலுக்குக் கீழே சாமை இருக்கும். மூன்று தடவை கேட்க வேண்டும். ஒரு படி அளந்துகொண்டு ஓடிவர வேண்டும். அவர் எழுந்து கத்திக்கொண்டு துரத்துவார். "மேலத் தெரு, ரெண்டாவது சந்து. வேப்பிலையப் பாத்துக்கங்க. தொணைக்கு யாரும் வரக் கூடாது."

பகல் 2.00. கோயிலில் மணி அடித்தார்கள். ஊர் முழுவதும் வீட்டுக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு ஒளிந்தது. கிளுகிளுவென்று சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. நான் பித்தளைப் படியோடு நடந்தேன். வெயில் இருந்தும் காற்று ஜில்லென்று அடித்தது. இரண்டாவது சந்தில் திரும்பியதும் வேப்பிலை. நிலையில் பெரிய கொத்து. வாசலில் கயிற்றுக் கட்டில், அதன் மேல் தலைமுதல் கால்வரை கம்பளி போர்த்திய ஓர் உருவம். கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்.

அப்பாவை நினைத்துக்கொண்டு பூனைபோலப் பதுங்கினேன். குனிந்து, "அண்ணா, தூங்குறியா?" என்றேன்.

பதிலுக்கு ஒரு குறட்டை.

"அண்ணா, தூங்குறியா?"

இன்னும் பெரிய குறட்டை. கடைசியில் ஒரு விசில் சத்தம்கூட இருந்தது. இந்த மனுஷன் நாடகத்தில் நடிக்க வேண்டியவர் என்று எனக்குள் பாராட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, பக்கெட்டில் கையை விட்டு ஒரு படி அள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பதைவிட ஆடினேன் என்று சொல்லலாம். படி தலையில் இருந்தது. ஆனால் பின்னால் யாரும் துரத்தவில்லை. அது மட்டும் கொஞ்சம் இடித்தது.

கோயிலில் குலவை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சவரி கைப்பேசியில் படம் பிடித்தான். அண்ணாமலை வாழையிலையை விரித்துப் படியைக் கவிழ்த்தார். கவிழ்த்தவர் குனிந்தார், இன்னும் குனிந்தார், ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார்.

"ஏங்க, சாமைல மக்காச்சோளம் எப்படிங்க வந்துச்சு?"

உடைத்த மக்காச்சோளம், கொஞ்சம் கம்பு, நடுவில் சாமை. கோழிக்குஞ்சுத் தீவனம்.

அதே நேரத்தில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒரு பக்கம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பச்சையப்பன். "எங்கய்யா திருடன்? ஒரு மணி நேரமாக் கண்ண மூடிக்கினு கெடக்கறேன். எறும்பு வேற கடிக்குது. எம் பொண்டாட்டி, இந்த வருசம் உன்னய யாரும் திருடக்கூட வரலைன்னு சிரிக்கறா!" இன்னொரு பக்கம், கையில் விளக்குமாற்றோடு ஒரு பெண்.

"கள்ளா! திருடன்! எம் பக்கெட்டுல கை வச்சவன் எவன்?"

பேர் கெம்பம்மா. வயது முப்பதுக்கு மேல் இருக்கும். கன்னடம் பேசும் குடும்பம், கணவர் லாரி ஓட்டுகிறவர். காப்பித் தோட்ட வேலைக்காகப் பச்சையப்பன் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. காலையில் பச்சையப்பன் வாசலில் வேப்பிலை செருகுவதைப் பார்த்திருக்கிறார். ஊர்த் திருவிழாவுக்கு எல்லோரும் செருகுவார்கள்போல, நாம் மட்டும் விட்டால் மரியாதை இல்லை என்று, அவரைவிடப் பெரிய கொத்தாக ஒடித்துச் செருகிவிட்டு அசந்து தூங்கியிருக்கிறார்.

"திருடன்" என்ற சொல் என் காதுக்குள் போன விதத்தை எப்படி எழுதுவது? கண்முன்னால் களம் வந்தது, அப்பாவின் துண்டு வந்தது. நான் சற்றுமுன் கட்டிய சட்டமெல்லாம் ஒரு வேப்பிலையில் அவிழ்ந்துவிட்டது. இவர் ஒற்றைக்கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கவில்லை. கதையில் இவர் இல்லவே இல்லை. கதைக்கு வெளியே இருப்பவரிடம் எடுத்தால் அதற்கு ஒரே பெயர்தான்.

"நான்தாங்க எடுத்தேன்" என்றேன். "தெரியாம வூடு மாறிட்டேன். ஆனா எடுத்தது எடுத்ததுதான். மன்னிச்சிக்கங்க."

எல்லோரும் ஒரே சமயத்தில் அவருக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார்கள். அண்ணன், தங்கை, மடி, புள்ள என்று நாலா பக்கமிருந்தும் துண்டு துண்டாக. கெம்பம்மா விளக்குமாற்றை இறக்காமலே கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தம்மா எடுத்தது அவங்க அண்ணங்கிட்ட. உனக்கு நான் யாரு? அண்ணனா?" என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்கவில்லை. "எம் பதினெட்டுக் குஞ்சு ராத்திரிக்கு என்னா திங்கும், உங்க கதையவா?"

அண்ணாமலை பிடரியைச் சொறிந்தார். "திருட்டுச் செல்லாதுன்னா பொங்கல் வைக்க முடியாது. இது நெசத் திருட்டா, முறைத் திருட்டான்னு முடிவாவணும். பொழுது சாயறதுக்குள்ள." கூட்டம் பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டது.

அம்மா ஓரமாகப் போய்க் கைப்பேசியை எடுத்தாள். "ஏங்க, பையன் திருடிட்டு மாட்டிக்கினான். ஊரே கூடி உக்காந்திருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் காதுகொடுத்துக் கேட்டாள். கேட்டவள் முகம் மாறியது. வைத்துவிட்டு எங்களிடம் வந்து, "பின்னால, கிருஷ்ணகிரி கிருஷ்ணகிரின்னு யாரோ கூவறான்டா. உங்கொப்பன் வூட்ல இல்ல. தருமபுரி பஸ் ஸ்டாண்டுல இருக்கறாரு" என்றாள்.

எங்களுக்கு அடுத்த பேருந்தில் கிளம்பி வந்து, மலையேற மனமில்லாமல், வீடு திரும்பவும் மனமில்லாமல், காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏம்மா, பொய் சொல்லி வரவைக்கிற" என்றேன்.

"எதுடா பொய்? நீ திருடல? மாட்டல?" என்றாள் மடியம்மனின் பக்தை.

மூன்று மணியிலிருந்து நாலரை வரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்கள் முறத்தை எடுத்துவந்து மக்காச்சோளத்தைத் தனியே புடைத்தார்கள். சவரி கெம்பம்மாவின் வீட்டுக்குப் போய்ப் பதினெட்டுக் குஞ்சுகளையும் எண்ணி, எல்லாம் நலம் என்று அறிவித்தான். பச்சையப்பன் தன் வீட்டிலிருந்து இப்போதாவது திருடும்படி என்னைக் கெஞ்சினார். ஒரு வருஷத்துக்கு ஒரு திருட்டுத்தான் என்று நான்கு பேர் மறுத்தார்கள். யாரோ கெம்பம்மாவுக்குக் காப்பி கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தார். ஆனால் விளக்குமாறு மடியிலேயே இருந்தது. நானும் போய் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வேறு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

"என்னா படிக்கற?" என்றார்.

"வக்கீலுக்குங்க."

"ஐயோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது.

4.30. ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. முந்நூறு ரூபாய் பேசித் தருமபுரியிலிருந்தே ஏறி வந்த அப்பா இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நான் எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சபையைப் பார்த்தார்.

"எம் பையனுங்க. எடுத்தான்னு சொன்னா எடுத்திருப்பான், அவன் மறைக்க மாட்டான். ஆனா கேக்காம எடுக்கறவன் இல்லீங்க."

இதை ஒருவர் அன்றைக்குக் களத்தில் சொல்லியிருந்தால் போதும் என்று நினைத்தேன். அம்மாவும் அதையே நினைத்தாள் என்று தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டேம்ப்பா. மூணு தடவை கேட்டேன்" என்றேன்.

அண்ணாமலைக்கு அதில் ஒரு பிடி கிடைத்தது. பால் வண்டிக்காரர் மறைந்து பூசாரி நிமிர்ந்தார். "ஏம்மா, இனிமே இது உன் வாயிலதான் இருக்குது. நான் சொல்லியும் ஆகாது, அந்தப் பையன் சொல்லியும் ஆகாது. அவன் கேட்டப்ப நீ தூங்குனியா, தூங்குற மாதிரி இருந்தியா?"

கெம்பம்மா என்னைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் அப்பாவைப் பார்த்தார், அவர் கையில் முறுக்கிப் பிடித்திருந்த துண்டைப் பார்த்தார். என் நெஞ்சில் அந்தக் குறட்டை, கடைசி விசில் வரை ஒலித்தது. உள்ளதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது.

"மூணு தரம் அண்ணா அண்ணான்னு கூப்ட்டான்" என்றார் மெதுவாக. "நான் என்ன ஆம்பளையா? எவன்டா இவன், எதுவரைக்கும் போறான் பாக்கலாம்னு கம்பளிக்குள்ள கெடந்தேன். சாமிக் காரியம்னு தெரியாது. அதான் அப்புறம் சத்தம் போட்டேன்."

"காதுல விழுந்துச்சுன்னா தூங்கல!" என்று கூவினார் பச்சையப்பன். "எனக்குப் பதிலு நீதான்மா இந்த வருசம் அண்ணன். பறிகுடுத்த வூட்டுக்குக் கீழ்நாட்டு வெளைச்சல்ல மொதப் படி, அது உனக்கு வரும். எனக்கு எறும்புக் கடிதான் மிச்சம்!"

குலவைச் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். கெம்பம்மா விளக்குமாற்றை வீசிவிட்டு எழுந்து, முறைப்படி என்னைத் துரத்தினார். நான் கோயிலை மூன்று சுற்று ஓடினேன், ஊரே கூடவே ஓடியது. ஓடிய களைப்பு அடங்கியதும் அண்ணாமலை மணியடித்தார்.

"திருடன் வந்தானா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"வந்தேன்!"

பொங்கல் பொங்கும்போது அப்பா பித்தளைப் படியைத் தலையில் வைத்துக்கொண்டார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஆட்டத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குப் படிப்புப் போதாது. பொங்கலில் ஒன்றிரண்டு மக்காச்சோளம் பல்லில் பட்டது. சவரி மூன்று இலை வாங்கினான்.

6.10. பூசாரி பால் வண்டிக்காரராக மாறி எங்களைக் கீழே இறக்கிவிட வந்தார். கிளம்புமுன் மலையண்ணனைக் கடைசியாகக் கும்பிடப் போனேன். சாய்ந்த வெயில் கல்லின் மேல் பக்கவாட்டில் விழுந்ததால் முன்பு தெரியாத ஒன்று தெரிந்தது. மூடிய இடது கண் ஒரே கோடு, தேய்ந்த பழைய கோடு. வலது கண்ணிலும் கீழே அதே தேய்ந்த கோடு இருந்தது. அதற்கு மேலே வளைவாக இன்னொரு கோடு, வேறு உளியில், பிறகு எப்போதோ வெட்டியது. முதலில் இரண்டு கண்ணும் மூடித்தான் இருந்திருக்கின்றன.

யார் வெட்டினார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. திருட்டு நடந்த கதையை விடவும் முடியாமல், அப்படியே விழுங்கவும் முடியாமல் என்னைப்போல ஒருவர் இங்கே நின்றிருக்க வேண்டும். அவர் திருடியவளை மாற்றவில்லை. பறிகொடுத்தவருக்கு ஒரு கண்ணைத் திறந்துவிட்டார். தவறான செயல் ஒன்று சாமி கதையில் உவமையாக நிற்கலாமா என்ற என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: நிற்கலாம், ஆனால் யாரிடமிருந்து எடுத்தோமோ அவர் அதற்குள் வர ஒப்ப வேண்டும். எடுத்தவன் தனக்குத் தானே அர்த்தம் சொல்லிக்கொண்டால் போதாது. கல்லுக்கு அது ஒரு உளியோடு முடிந்துவிட்டது. மனிதர்களிடம் ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டாக வேண்டும்.

கெம்பம்மா வண்டிவரை வந்தார். அப்பா தீவனத்துக்காக எண்பது ரூபாயை நீட்டினார். வேண்டாம் என்றார். "குஞ்சுங்களுக்குக் கதை தெரியாதும்மா" என்றார் அப்பா. அதற்குமேல் மறுக்கவில்லை, வாங்கிக்கொண்டார். வண்டி நகரும்போது ஜன்னலருகே குனிந்து என் காதில் மட்டும் சொன்னார்: "வக்கீலு தம்பி, நான் நல்லாத் தூங்கிட்டேன். இதை வெளிய சொன்ன, அப்புறம் இருக்குது உனக்கு." (பிறகு அவரிடமே இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்டேன். பேரை மாற்றிவிட்டால் எழுதலாம் என்றார். மாற்றிவிட்டேன்.)

தருமபுரியிலிருந்து அரூருக்கு நால்வரும் ஒரே இருக்கை வரிசையில் வந்தோம். அம்மா மடியில் மீதிச் சாமை மூட்டை. நடத்துனர் சீட்டுக் கொடுக்கும்போது மூட்டையைக் காட்டி, "என்னாங்கம்மா அது?" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, "புள்ளைங்க" என்றார். சவரி சிரித்த சிரிப்பில் பின் இருக்கைக் குழந்தை விழித்துக்கொண்டது.

போக, வர, இட்லி பூரி, சரக்கு ஆட்டோ, கோழித் தீவனம் எல்லாம் சேர்த்து எங்கள் நால்வருக்கும் ஆன செலவு எண்ணூற்று நாற்பது ரூபாய். அதில் ஒரு ரூபாய் அபராதம், அப்பா தன் கையால் கட்டியது.